பிழைநீக்கியினுள்ளிருந்து ஷெல் கட்டளைகளை இயக்கும் முறை

கணிப்பொறி நிரல் ஒன்று பிழைபட இயங்கும்போது, அப்பிழை எவ்விடத்தில், எக்காரணத்தால் நேர்கின்றது என்பதைக் கண்டறிய உதவும் கருவிநிரலுக்குப் பிழைநீக்கி என்று பெயர். டீபக்கர் என்று ஆங்கிலத்தில் வழங்குவது இதுவே. பெயர் அவ்வாறு அமைந்திருப்பினும், இக்கருவி தானாகவே பிழையை நீக்கிவிடுவதில்லை. இயங்கிக்கொண்டிருக்கும் நிரலை வேண்டிய இடத்தில் நிறுத்திவைத்து, அதன் மாறிகள் தாங்கிநிற்கும் மதிப்புகளையும், நினைவகத்தில் உள்ளனவற்றையும், எந்தச் செயற்கூறு எதனை அழைத்து நிரல் அவ்விடம் வந்து சேர்ந்தது என்னும் வரிசையையும் ஆய்வாளருக்குக் காட்டுவதே இதன் பணியாகும். நோயாளியை அசையாது கிடத்தி நாடி பார்க்கும் வைத்தியரின் செயலோடு இதனை ஒப்பிடலாம்.

ஆயினும், நிரலின் உள்நிலை மட்டுமே பிழையின் காரணத்தை எப்போதும் காட்டிவிடாது. நிரல் திறக்க முயன்ற கோப்பு வட்டில் உள்ளதா, வட்டில் இடம் எஞ்சியுள்ளதா, அதே வேளையில் வேறு எந்நிரல்கள் இயங்குகின்றன என்பன போன்ற வினாக்களுக்கு விடை நிரலுக்குப் புறத்தே, இயக்க அமைப்பினிடம் உள்ளது. அவ்விடையைப் பெறும் வழக்கமான வாயில் ஷெல் எனப்படும் கட்டளை ஏற்பியாகும். விடையைத் தேடிப் பிழைநீக்கியை விட்டு வெளியேறினால், அதனுள் தொடங்கப்பெற்ற நிரலும் உடன் முடிவுறும். அரிதின் முயன்று பிடித்துவைத்த நிலை கலைந்துவிடும். ஆகவே, பிழைநீக்கியை விட்டு நீங்காமலே ஷெல்லிடம் ஒரு கட்டளையைக் கொடுத்து விடைபெறும் வசதி பல பிழைநீக்கிகளில் அமைக்கப்பட்டுள்ளது. அவ்வசதி இயங்கும் விதம், அதன் பயன், அதனைக் கையாள்வோர் அறிந்திருக்க வேண்டிய வரையறைகள் ஆகியவை இக்கட்டுரையில் விளக்கப்படுகின்றன. இங்கே தமிழெழுத்தில் தரப்படும் கட்டளைச் சொற்களைக் கணிப்பொறியில் ரோமன் சிற்றெழுத்துகளால் தட்டச்சு செய்தல் வேண்டும்.

வரலாறு

ஷெல் என்னும் சொல்லின் நேர்ப்பொருள் ஓடு என்பது. இயக்க அமைப்பின் உட்பகுதியைக் கெர்னல், அதாவது பருப்பு, என்பர். அதனைச் சூழ்ந்து நின்று, பயனர் தட்டும் கட்டளைகளை ஏற்று உள்ளே செலுத்தும் நிரல் ஓடு எனப்பட்டது. இப்பெயரை 1960-களின் நடுப்பகுதியில், மல்ட்டிக்ஸ் என்னும் இயக்க அமைப்பு திட்டமிடப்பெற்ற காலத்தில், பிரெஞ்சு நாட்டவரான லூயி பூஸான் வழங்கினார்.

பிழைநீக்கிகளும் ஏறத்தாழ அதே பழமை உடையன. 1961-ஆம் ஆண்டளவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பி.டி.பி.-1 என்னும் கணிப்பொறிக்கு டி.டி.டி. என்ற பிழைநீக்கி இயற்றப்பெற்றது. நிரற்பிழையைப் பூச்சி என அழைப்பது ஆங்கில வழக்காதலின், பூச்சிக்கொல்லி மருந்தின் பெயரையே வேடிக்கையாக இதற்குச் சூட்டினர். அதே கழகத்தில் 1960-களின் பிற்பகுதியில் உருவான ஐ.டி.எஸ். என்னும் இயக்க அமைப்பில் ஒரு விசேஷம் இருந்தது. அதில் ஷெல் எனத் தனியே ஒன்று இல்லை. கணிப்பொறியின் முன் அமர்ந்த பயனர் முதலிற் சந்தித்தது டி.டி.டி. பிழைநீக்கியையே. கோப்புகளின் பட்டியலைப் பார்ப்பதும், நிரலைத் தொடங்குவதும், அது பிழைபட்டால் ஆராய்வதும் ஆகிய யாவும் ஓரிடத்திலேயே நடைபெற்றன.

1969-ஆம் ஆண்டில் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் அமைப்பு வேறு வழியில் சென்றது. அதில் ஷெல்லும் பிழைநீக்கியும் தனித்தனி நிரல்களாயின. ஒவ்வொரு நிரலும் ஒரு பணியையே செவ்வனே செய்தல் வேண்டும் என்பது அவ்வமைப்பை ஆக்கியோரின் கொள்கை. பிரிந்தவற்றை வேண்டும்போது இணைக்க ஒரு பாலம் தேவைப்பட்டது. 1979-ஆம் ஆண்டில் வெளியான ஏழாம் பதிப்பு யூனிக்ஸில் இடம்பெற்ற ஏ.டி.பி. என்னும் பிழைநீக்கியில், வரியின் தொடக்கத்தில் வியப்புக்குறியை இட்டால், எஞ்சிய வரி முழுவதும் ஷெல்லுக்கு அனுப்பப்பட்டது. அப்பிழைநீக்கியை ஆக்கியவரும், அதே பதிப்பில் வெளிவந்து இன்றளவும் அவர் பெயராலேயே வழங்கும் ஷெல்லை ஆக்கியவரும் ஸ்டீபன் போர்ன் என்ற ஒருவரே என்பது குறிப்பிடத்தக்கது.

1986-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனூ திட்டத்திற்காக இயற்றிய ஜி.டி.பி. என்னும் பிழைநீக்கி இவ்வழக்கத்தைத் தொடர்ந்தது. லினக்ஸ் அமைப்பைக் கையாள்வோரிடையே இன்று பெருவழக்காய் உள்ளது இதுவேயாதலின், இக்கட்டுரையின் எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் இதனைத் தழுவியே அமைகின்றன.

கட்டளை இயங்கும் விதம்

ஜி.டி.பி.யில் ‘ஷெல்’ என்னும் சொல்லைத் தட்டி, ஓர் இடம் விட்டு, வேண்டிய கட்டளையைத் தட்டுதல் வேண்டும். ‘ஷெல் டேட்’ எனத் தட்டினால் அன்றைய தேதியும் நேரமும் திரையில் தோன்றும். ‘ஷெல்’ என்னும் சொல்லுக்குப் பதிலாக வியப்புக்குறியையும் இடலாம். அதற்குப்பின் இடம் விடவேண்டிய கட்டாயம் இல்லை. கட்டளை எதையும் சேர்க்காமல் ‘ஷெல்’ என மட்டும் தட்டினால், முழுமையான ஷெல் ஒன்று திறக்கும். அதில் வேண்டிய பணிகளை முடித்து ‘எக்ஸிட்’ எனத் தட்டினால் மீண்டும் பிழைநீக்கிக்கே வந்து சேரலாம். எந்த ஷெல் இயங்கவேண்டும் என்பதைச் சூழல் மாறிகளுள் ஒன்றாகிய ‘ஷெல்’ மாறி தீர்மானிக்கின்றது. அம்மாறி இல்லாதவிடத்து, லினக்ஸ் அமைப்பின் பொது ஷெல் பயன்படுத்தப்படும்.

இவ்வொற்றை வரியின் பின்னே நிகழ்வன யாவை என்பதை அறிதல் இன்றியமையாதது. பின்னர்க் கூறப்படும் வரையறைகள் அனைத்தும் இதிலிருந்தே பிறக்கின்றன.

முதலாவதாக, பிழைநீக்கி தன்னைப் போன்ற மற்றொரு செயல்முறையைப் படைக்குமாறு கெர்னலை வேண்டுகிறது. அவ்வாறு பிறப்பது சேய்ச் செயல்முறை. பிழைநீக்கி அதன் தாய்ச் செயல்முறை. தாய் நிற்கும் கோப்பகம், தாயின் சூழல் மாறிகள், தாய்க்குரிய அனுமதிகள் ஆகியவற்றின் படியெடுப்பைச் சேய் பெறுகிறது. இரண்டாவதாக, சேய் தன் உருவை மாற்றிக்கொண்டு ஷெல்லாகிறது. கொடுக்கப்பட்ட கட்டளை வரியை வாசித்து நிறைவேற்றுகிறது. மூன்றாவதாக, சேய் பணிமுடித்து மறையும்வரை தாய் காத்திருக்கிறது. மறையும்போது சேய் ஓர் எண்ணை விட்டுச்செல்கிறது. அவ்வெண் சுழியமாயின் கட்டளை நிறைவேறியது என்றும், வேறெண்ணாயின் தவறியது என்றும் கொள்வது மரபு.

இம்மூன்று படிகளும் நிகழும்போது, ஆராயப்படும் நிரல் எவ்வகையிலும் தீண்டப்படுவதில்லை. அது மற்றொரு செயல்முறை. பிழைநீக்கி நிறுத்திவைத்த இடத்திலேயே அது அசையாது நிற்கிறது. இவ்வசதியின் சிறப்பு முழுவதும் இதில்தான் அடங்கியுள்ளது.

ஓர் எடுத்துக்காட்டு

ஓர் ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதியில் நிறுவப்பட்ட மழைமானிகளின் அளவுகளைப் பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை திரட்டி வட்டில் எழுதும் நிரல் ஒன்று இருப்பதாகக் கொள்க. நிரல் தொடங்கிப் பத்து நாட்கள் வரை குறையின்றி இயங்குகிறது. பதினோராம் நாள் ‘கோப்பைத் திறக்க இயலவில்லை’ என்னும் செய்தியைத் தந்து எழுதுவதை நிறுத்திவிடுகிறது. மீண்டும் தொடங்கினால் மற்றுமொரு பத்து நாட்களுக்கு நன்றாகவே இயங்குகிறது. மழைக்காலத்தில் இவ்வாறு அளவுகள் விடுபட்டால், வெள்ள முன்னறிவிப்புக்கு வேண்டிய ஆதாரம் இல்லாமற் போகும். ஆகவே நிரலை ஜி.டி.பி.யினுள் தொடங்கி, அச்செய்தியை எழுதும் வரியில் நிறுத்துமிடம் ஒன்றை அமைத்து, ஆய்வாளர்கள் காத்திருக்கின்றனர். பதினோராம் நாள் நிரல் அவ்விடத்தில் நிற்கிறது. இந்நிலையைக் கைவிட்டால் அடுத்த வாய்ப்புக்கு மேலும் பத்து நாட்கள் காத்திருத்தல் வேண்டும்.

வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம் என்பதே எவருக்கும் எழும் முதல் ஐயம். பிழைநீக்கியை விட்டு நீங்காமலே, வட்டின் இருப்பைக் காட்டும் கட்டளையை ‘ஷெல் டிஎஃப்’ எனக் கொடுக்கின்றனர். வட்டில் பாதி இடம் வெற்றாகவே உள்ளது. முதல் ஐயம் தீர்ந்தது. அடுத்து, நிரலின் உள்ளே நோக்கி ‘பிரிண்ட் எர்னோ’ எனப் பிழைநீக்கியின் சொந்தக் கட்டளையால் பிழையெண்ணைக் கேட்கின்றனர். 24 என்னும் எண் கிடைக்கிறது. ஒரு செயல்முறை ஒரே வேளையில் திறந்துவைத்திருக்கத்தக்க கோப்புகளின் எண்ணிக்கை எல்லையை எட்டிவிட்டது என்பது லினக்ஸில் இவ்வெண்ணின் பொருள்.

திறந்துள்ள கோப்புகள் யாவை? இதற்கு விடை இயக்க அமைப்பினிடமே உள்ளது. லினக்ஸில் ‘ப்ராக்’ என்னும் கோப்பகத்தின்கீழ், இயங்கும் ஒவ்வொரு செயல்முறைக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட உட்கோப்பகம் உண்டு. அதனுள் ‘எஃப்டி’ என்னும் பகுதியில் அச்செயல்முறை திறந்துவைத்துள்ள கோப்புகள் யாவும் வரிசை எண்களோடு காணப்படும். நிரலின் செயல்முறை எண்ணை ‘இன்ஃபோ இன்ஃபீரியர்ஸ்’ என்னும் கட்டளையால் அறிகின்றனர். அது 4172 எனக் கொள்க. பின்னர் ‘ஷெல் எல்எஸ் -எல் /ப்ராக்/4172/எஃப்டி’ எனத் தட்டுகின்றனர். 0 முதல் 1023 வரை 1,024 பதிவுகள் தோன்றுகின்றன. முதல் மூன்றும் எந்நிரலுக்கும் இயல்பாக அமைவன. எஞ்சிய 1,021 பதிவுகளும் மழைமானிகளின் அளவுத்திருத்தக் கோப்பு என்ற ஒன்றையே காட்டுகின்றன.

இதன்பின் காரணம் வெளிப்படை. ஒவ்வொரு சுற்றிலும் நிரல் அளவுத்திருத்தக் கோப்பைத் திறக்கிறது, வாசிக்கிறது, மூடாமலே விட்டுவிடுகிறது. சுற்றுக்கு ஒன்றாக 1,021 சுற்றுகளில் இடம் நிறைகிறது. சுற்றுக்கு 15 நிமிடமாக 15,315 நிமிடங்கள், அதாவது பத்து நாட்களும் பதினைந்தேகால் மணி நேரமும், ஆகின்றன. பிழை பதினோராம் நாளில் தோன்றியதன் காரணம் இக்கணக்கே. மூலநிரலில் கோப்பை மூடும் ஒரு வரியைச் சேர்த்தலே பரிகாரம்.

மூன்று விடைகளுள் ஒன்று நிரலின் உள்ளிருந்தும், இரண்டு வெளியிலிருந்தும் கிடைத்தமை கருதத்தக்கது. உள்ளும் வெளியும் ஒரே கணத்தின் நிலையைக் காட்டியமையாலேயே அவற்றைப் பொருத்திப்பார்க்க இயன்றது.

மற்றொரு சாளரம் போதாதா?

ஒரே திரையில் பல சாளரங்களைத் திறக்கும் வசதி உள்ள இக்காலத்தில், இரண்டாம் சாளரத்தில் ஷெல்லை வைத்துக்கொண்டு இதே கட்டளைகளைத் தரலாமன்றோ எனும் வினா எழலாம். தரலாம், பலர் அவ்வாறே செய்கின்றனர். எனினும் பிழைநீக்கியினுள்ளிருந்து தருவதில் சில நன்மைகள் உள.

ஒன்று, தொலைவிலுள்ள கணிப்பொறியோடு ஒரே இணைப்பு மட்டும் கிடைக்குமிடத்து இதுவே எளிய வழி. இரண்டு, எவ்வினாவுக்குப்பின் எவ்விடை வந்தது என்னும் ஒழுங்கு ஒரே திரையில் குலையாமல் அமைகிறது. மூன்று, ஆளில்லாத வேளையிலும் இதனைப் பயன்படுத்தலாம். ஜி.டி.பி.யில் ‘கமாண்ட்ஸ்’ என்னும் சொல்லைக் கொண்டு, ஒரு நிறுத்துமிடத்தை நிரல் எட்டும்போதெல்லாம் தானாக நிறைவேற வேண்டிய கட்டளைகளை எழுதிவைக்கலாம். நேரத்தைக் குறிக்கும் ஷெல் கட்டளை ஒன்று, மாறியின் மதிப்பைக் காட்டும் கட்டளை ஒன்று, இறுதியில் நிரலைத் தொடரச்செய்யும் ‘கன்டினியூ’ என அமைத்துவிட்டால், இரவு முழுவதும் பிழைநீக்கி தானே குறிப்பெழுதிக்கொண்டிருக்கும்.

ஷெல் கட்டளை விட்டுச்சென்ற முடிவெண்ணை வைத்துப் பிழைநீக்கி முடிவெடுக்கவும் செய்யலாம். 2020-ஆம் ஆண்டில் வெளியான ஜி.டி.பி. பதிப்பிலிருந்து அவ்வெண் ஒரு மாறியில் சேமித்துவைக்கப்படுகிறது. குறிப்பிட்ட கோப்பு வட்டில் இல்லையாயின் மட்டும் நிற்க, இருந்தால் மேற்செல்க என்னும் வகையில் கட்டளைகளை அமைக்க இது துணைசெய்கின்றது.

குழாய்வழி அனுப்புதலும் மீண்டும் தொகுத்தலும்

மேற்கூறியது ஷெல்லின் விடையைப் பிழைநீக்கியின் திரைக்குக் கொணரும் முறை. இதற்கு மறுதலையாக, பிழைநீக்கி தரும் விடையை ஷெல் கட்டளைக்கு உள்ளீடாகச் செலுத்தும் முறையும் உண்டு. அதே 2020-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் ஜி.டி.பி.யில் ‘பைப்’, அதாவது குழாய், என்னும் கட்டளை இதற்கென அமைந்துள்ளது. முதலிற் பிழைநீக்கியின் கட்டளை, பின்னர் நேர்க்கோட்டுக் குறி, அதன்பின் ஷெல் கட்டளை என்பது இதன் அமைப்பு. நூற்றுக்கணக்கான இழைகளைக் கொண்ட நிரலில் அனைத்து இழைகளின் அழைப்பு வரிசையையும் கேட்டால், ஆயிரக்கணக்கான வரிகள் திரையில் ஓடி மறையும். அவற்றைக் குழாய்வழியே ‘கிரெப்’ என்னும் சல்லடைக் கட்டளைக்கு அனுப்பினால், ஏதேனும் ஒரு பூட்டுக்காகக் காத்துநிற்கும் இழைகளை மட்டும் பிரித்தெடுக்கலாம்.

மூலநிரலைத் திருத்தியபின் அதனை மீண்டும் தொகுத்தற்குரிய ‘மேக்’ என்னும் கட்டளையை, ‘ஷெல்’ என்னும் முன்சொல் இல்லாமலே ஜி.டி.பி. ஏற்றுக்கொள்ளும். தொகுத்து முடித்து, நிரலை மறுபடியும் ‘ரன்’ எனத் தொடங்கும்போது, நிரற்கோப்பு மாறியிருப்பதைப் பிழைநீக்கி கண்டுகொண்டு, அதன் குறியீட்டு அட்டவணையைப் புதிதாக வாசிக்கும். முன்னர் அமைத்த நிறுத்துமிடங்களை இயன்றவரை காத்துக்கொள்ளும். ஆயின், தொகுத்தலால் ஏற்கெனவே நின்றுகொண்டிருக்கும் நிரல் மாறிவிடுவதில்லை. அது பழைய நிரலே. மூலநிரலைத் திருத்தியபின் அதன் வரிகளைப் பிழைநீக்கியில் பார்த்தால், புதிய வரிகள் பழைய நிரலோடு பொருந்தாது தோன்றி மயக்கம் தரக்கூடும்.

கட்டளை எச்செயல்முறையில் இயங்குகிறது?

ஷெல் கட்டளை பிழைநீக்கியில் இயங்குவதன்று, அதன் சேயில் இயங்குவது என்பது முன்னரே கூறப்பட்டது. இதனை மறந்தோர் அடிக்கடி இடறும் இடங்கள் இரண்டு. ‘ஷெல் சிடி’ எனக் கொடுத்து வேறு கோப்பகத்திற்குச் செல்ல முயல்வது ஒன்று. சேய் அக்கோப்பகத்திற்குச் செல்லும். அடுத்த கணமே மறையும். தாயாகிய பிழைநீக்கி நின்ற இடத்திலேயே நிற்கும். கோப்பகத்தை உண்மையில் மாற்ற வேண்டின், ‘ஷெல்’ என்னும் முன்சொல் இன்றிப் பிழைநீக்கியின் சொந்தக் கட்டளையாகிய ‘சிடி’ என்பதையே பயன்படுத்துதல் வேண்டும். சூழல் மாறியை ஷெல் கட்டளையால் மாற்ற முயல்வது மற்றொன்று. அதுவும் சேயோடு மறைந்துபோம். ஆராயப்படும் நிரலுக்குப் புதிய சூழல் மாறி வேண்டின் ‘செட் என்விரான்மென்ட்’ என்னும் கட்டளை உண்டு. அதன் விளைவும் நிரலை அடுத்த முறை தொடங்கும்போதுதான் தோன்றும்.

கட்டளை எக்கணிப்பொறியில் இயங்குகிறது?

பிழைநீக்கி ஒரு கணிப்பொறியிலும், ஆராயப்படும் நிரல் மற்றொன்றிலும் இருத்தல் உண்டு. சிறுகருவிகளில் இயங்கும் நிரல்களை ஆராய்கையில் இதுவே வழக்கம். ஜி.டி.பி. மேசைமீதுள்ள கணிப்பொறியிலும், அதன் துணையாகிய சிறு நிரல் கருவியினுள்ளும் இயங்கும். இந்நிலையில் ‘ஷெல் டிஎஃப்’ காட்டுவது மேசைக் கணிப்பொறியின் வட்டிருப்பையே. மழைமானிக் கருவியின் வட்டு நிறைந்திருந்தாலும் இக்கட்டளை அதனை அறியாது. வெளியூரில் வெள்ளம் வந்ததா என அறிய, உள்ளூர் ஏரியைப் பார்த்துவருவதற்கு இஃது ஒப்பாகும்.

எல்.எல்.டி.பி. என்னும் பிழைநீக்கி இவ்விரண்டையும் பிரித்தே வைத்துள்ளது. அதில் ‘ஷெல்’ என்பது பிழைநீக்கி உள்ள கணிப்பொறியிலும், ‘பிளாட்ஃபார்ம் ஷெல்’ என்பது இணைக்கப்பட்ட தொலைக்கணிப்பொறியிலும் கட்டளையை இயக்கும். 2015-ஆம் ஆண்டில் ஒப்புதல் பெற்ற தேசிய மீக்கணிப்பொறித் திட்டத்தின்கீழ் நிறுவப்பட்ட பரம் வரிசைக் கணிப்பொறிகள் போன்றவற்றிலும் இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். அவற்றில் பயனர் நுழையும் கணு வேறு, நிரல் இயங்கும் கணு வேறு. பிழைநீக்கி எக்கணுவில் இயங்குகிறதோ, அக்கணுவின் நிலையையே ஷெல் கட்டளை காட்டும். ஐயம் எழுமிடத்து, முதற் கட்டளையாகக் கணிப்பொறியின் பெயரைக் கேட்கும் ‘ஷெல் ஹோஸ்ட்நேம்’ என்பதைக் கொடுத்துப் பார்த்தல் நன்று.

கட்டளை எவருடைய உரிமையோடு இயங்குகிறது?

சேய்ச் செயல்முறை தாயின் அனுமதிகளைப் பெறுகிறது என்பது எளிய செய்தியாகத் தோன்றினும், இதன் விளைவு பெரிது. பிழைநீக்கியை நிர்வாகியின் உரிமையோடு இயக்க ஒருவருக்கு இசைவு தரப்படுமாயின், அவர் அதனுள்ளிருந்து ‘ஷெல்’ எனத் தட்டிய அளவில் நிர்வாகியின் ஷெல்லையே பெற்றவராகிறார். பிழைநீக்கி ஒன்றுக்கு மட்டும் இசைவு தந்ததாக எண்ணிய அலுவலகம், உண்மையில் கணிப்பொறி முழுவதன் சாவியையும் தந்ததாக முடியும்.

இரண்டாவது அபாயம் கோப்பினின்று வருவது. ஜி.டி.பி. தொடங்கும்போது சில தொடக்கக் கோப்புகளை வாசித்து, அவற்றிலுள்ள கட்டளைகளை நிறைவேற்றும். முன்பின் அறியாதவர் அனுப்பிய மூலநிரல் தொகுதியோடு அத்தகைய கோப்பு ஒன்றும் வந்து, அதில் ஷெல் கட்டளையொன்று மறைந்திருக்குமாயின், நிரலை ஆராயப் புகுந்தவரின் கோப்புகளே அழிக்கப்படலாம். இதனைத் தடுக்க, 2012-ஆம் ஆண்டில் வெளியான 7.5 பதிப்பில் நம்பகமான கோப்பகங்களின் பட்டியல் ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அப்பட்டியலில் இல்லாத இடத்திலுள்ள தொடக்கக் கோப்பு எச்சரிக்கையோடு மறுக்கப்படும். எச்சரிக்கையைத் தொல்லையெனக் கருதி எல்லா இடங்களையும் நம்பகமானவை என அறிவித்துவிடுதல், கதவைப் பூட்டிச் சாவியை வாயிலிலேயே தொங்கவிடுவதாகும்.

விண்டோஸ் அமைப்பிற்குரிய விண்டிபக் என்னும் பிழைநீக்கியில், சொல்லுக்கு முன் புள்ளியிட்ட ‘.ஷெல்’ கட்டளை இப்பணியைச் செய்கிறது. அதில் பிழைநீக்கிக்குத் தொலைவிலிருந்து மற்றொருவர் இணையும் வழி உண்டாதலின், இணைந்தவர் கணிப்பொறியையே ஆளாதிருக்க ‘.நோஷெல்’ என்னும் தடைக்கட்டளையும் உடன் வைக்கப்பட்டுள்ளது.

கவனிக்கத்தக்க பிற செய்திகள்

ஒரே குறி எல்லாப் பிழைநீக்கிகளிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. பைத்தான் மொழியோடு வரும் பிழைநீக்கியில் வியப்புக்குறி ஷெல்லைக் குறிக்காது. அதற்குப்பின் வருவது பைத்தான் கூற்று என்பதையே குறிக்கும். டி.பி.எக்ஸ். என்னும் பழைய பிழைநீக்கியில் ‘எஸ்எச்’ என்பதே முன்சொல். புதிய பிழைநீக்கி ஒன்றைக் கையாளத் தொடங்குவோர், தீங்கற்ற ‘டேட்’ போன்ற கட்டளையால் முதலிற் சோதித்துக்கொள்ளல் தகும்.

நிரல் நின்றாலும் காலம் நிற்பதில்லை. ஆராயப்படும் நிரலோடு தொடர்புகொண்ட பிற நிரல்கள் விடைக்குக் காத்திருந்து, காலக்கெடு கடந்ததும் இணைப்பைத் துண்டித்துவிடக்கூடும். பின்னர்க் காணப்படும் துண்டிப்பு, ஆய்வாளரின் தாமதத்தால் விளைந்ததேயன்றி மூலப்பிழையால் விளைந்ததன்று.

மேலும், நிறுத்திவைத்த நிலை ஒரு சான்று. சான்றைப் பார்த்தல் வேறு, மாற்றுதல் வேறு. கோப்பை அழிக்கும், பெயர்மாற்றும், பிற செயல்முறைகளை நிறுத்தும் கட்டளைகளை இந்நிலையில் தவிர்த்தல் வேண்டும். அரிய நிலை கிடைத்தவுடன், ‘ஜிகோர்’ என்னும் கட்டளையால் நிரலின் நினைவகத்தை ஒரு கோப்பாகப் படியெடுத்துவைத்தல் சாலச் சிறந்தது. அப்படியெடுப்பில் நினைவகம் இருக்கும். ஆனால் திறந்துள்ள கோப்புகளின் பட்டியல், வட்டின் இருப்பு, உடனிருந்த பிற நிரல்கள் ஆகியவை இரா. அவற்றை ஷெல் கட்டளைகளால் தனிக்கோப்பில் எழுதிவைத்தால், உட்சான்றும் புறச்சான்றும் ஒருங்கே அமையும். பின்னர் மின்சாரம் தடைபட்டு நிலை கலைந்தாலும், பத்து நாள் காத்திருந்த உழைப்பு வீணாகாது.

தொகுப்புரை

பிழைநீக்கியினுள்ளிருந்து ஷெல் கட்டளையை இயக்குதல், நிறுத்திவைத்த நிரலைக் கலைக்காமல் அதன் புறச்சூழலை ஆராயும் வழியாகும். கட்டளை பிழைநீக்கியின் சேயாகிய தனிச் செயல்முறையில், பிழைநீக்கி உள்ள கணிப்பொறியில், பிழைநீக்கியை இயக்குபவரின் உரிமையோடு இயங்குவதே பொதுவிதி. எச்செயல்முறை, எக்கணிப்பொறி, எவருடைய உரிமை என்னும் மூன்று வினாக்களையும் ஒவ்வொரு கட்டளைக்கும் முன் எழுப்பிக்கொள்வோர்க்கு இது நம்பத்தக்க சாதனமாக அமையும்.

பயிற்சி வினாக்கள்

1. ‘ஷெல் சிடி’ எனக் கொடுத்தபின் பிழைநீக்கியின் கோப்பகம் மாறாதிருப்பதன் காரணம் யாது?

2. மேற்கூறிய மழைமானி நிரல் பத்து நிமிடங்களுக்கு ஒருமுறை இயங்குமாயின், தொடங்கியதிலிருந்து எத்தனை நாட்களில் பிழை தோன்றும்?

3. தொலைக்கருவியிலுள்ள நிரலை ஜி.டி.பி.யால் ஆராய்கையில் ‘ஷெல் டேட்’ காட்டும் நேரம் எக்கணிப்பொறிக்குரியது?

4. நினைவகப் படியெடுப்பு இருக்கும்போதும் ஷெல் கட்டளைகளால் தனியே குறிப்பெடுக்க வேண்டுவது ஏன்?